ஓமலூர் நிலத்தை விற்றுத் தேவனஹள்ளியில் மனை வாங்கலாமா?

கேள்வி: ஓமலூர் வட்டத்தில், கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் எங்களுக்கு ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம் இருக்கிறது. ஒரு கிணறு, முப்பது தென்னை, மீதியில் குச்சிக்கிழங்கு. என் கணவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உயில் எதுவும் எழுதவில்லை. பட்டா என் பெயரில் உள்ளது. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகன், இதில் பாதியை விற்று, தேவனஹள்ளியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேஅவுட்டில் 1,200 சதுர அடி மனை வாங்க வேண்டும் என்கிறான். இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்களாம். எங்கள் ஊர்த் தரகர் ஒருவரோ, இன்னும் சில ஆண்டுகளில் கமலாபுரமும் தேவனஹள்ளி போல ஆகிவிடும் என்கிறார். ஆத்தூரில் வாழும் மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, ஓமலூர் வட்டம்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். சேலத்தில் கட்டடப் பொறியாளராகவும் சொத்து மதிப்பீட்டாளராகவும் நெடுங்காலம் பணியாற்றிவருபவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். முதலில் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்த மாத இறுதிக்குள் முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். நல்ல மனையாக இருந்தால் ஆவணங்களைப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் காத்திருப்பார்கள். காத்திருக்க மாட்டோம் என்று சொல்பவர்களிடம் வாங்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

தேவனஹள்ளி வளர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். திப்பு சுல்தான் பிறந்த, கோட்டை உள்ள ஊர் அது. சக்கோத்தா என்று அவர்கள் சொல்லும் பம்பளிமாஸ் பழத்துக்குப் பேர் போனது. திராட்சைத் தோட்டங்களும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் நிறைந்திருந்த அந்த வட்டத்தில், ஏறத்தாழ 4,000 ஏக்கர் பரப்பில் பெங்களூரின் புதிய விமான நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. அன்றோடு நகருக்குள் இருந்த பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தில் பயணிகள் விமானச் சேவை நிறுத்தப்பட்டு, ஒரு பெருநகரத்தின் மொத்த விமானப் போக்குவரத்தும் இந்த ஒரே இடத்துக்கு மாற்றப்பட்டது. 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுபாதையும், 2022 நவம்பரில் இரண்டாவது முனையமும் திறக்கப்பட்டன. 2024–25 நிதியாண்டில் அதைப் பயன்படுத்திய பயணிகள் நான்கு கோடிக்கும் மேல். விமான நிலையத்தைத் தொடர்ந்து தொழிற்பூங்காக்கள் வந்தன. 2023இல் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் நிறுவனம் தேவனஹள்ளி வட்டத்தில் 300 ஏக்கர் வாங்கியது. 2024 ஜனவரியில் போயிங் நிறுவனத்தின் பொறியியல் வளாகம் திறக்கப்பட்டது. ஆக, அங்கே புறநகர் உருவானதற்கு விமானம் ஒரு காரணம் மட்டுமே. பின்னால் பெங்களூர் என்னும் பெருநகரமும், அதில் மாதச் சம்பளம் வாங்கும் லட்சக்கணக்கானவர்களும், விரிவடைய வடக்குத் திசையைத் தேடிய தொழில் நிறுவனங்களும் இருந்தார்கள்.

கமலாபுரத்தைப் பற்றி உங்கள் தரகர் சொல்வதை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நம் விமான நிலையம் 1993இல் வந்தது. பெங்களூர் விமான நிலையத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் மூத்தது. அதன் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர். டர்போபிராப் எனப்படும், விசிறி சுழன்று ஓடும் சிறிய விமானங்களுக்குத்தான் அது போதும். பெங்களூரில் உள்ள இரண்டு ஓடுபாதைகளும் தலா 4,000 மீட்டர். நம் ஊரில் சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே பல ஆண்டுகள் கழிந்தன. 2018 மார்ச்சில், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. வெளிநாடு செல்லும் சேலத்துக்காரர்கள் இன்றும் பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோதான் போகிறார்கள். ஓடுபாதையை நீட்டி விரிவாக்கும் திட்டத்துக்காகக் கமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி ஆகிய ஊர்களில் நிலம் எடுக்கும் பேச்சு எழுந்ததும், விவசாயிகள் எதிர்த்ததும் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். விமான நிலையத்தின் பெயரைச் சொல்லிப் பிரிக்கப்பட்டு, மனைக்கல் மட்டும் நிற்க, வீடு எழாமல் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த மனைப்பிரிவுகளை நான் இந்தத் தொழிலில் பலமுறை அளந்திருக்கிறேன். எனவே கமலாபுரம் தேவனஹள்ளி ஆகும் என்று எதிர்பார்த்து நிலத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டாம். கிணறும் தென்னையும் உள்ள நிலம் என்பதற்காக வைத்திருங்கள். அந்தக் காரணம் போதும்.

உங்கள் சர்வே எண் விமான நிலைய விரிவாக்கத்துக்கான எந்த அறிவிப்பிலாவது இடம்பெற்றிருக்கிறதா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் நில எடுப்புப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைத்திருப்பதானாலும் விற்பதானாலும் இந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இனி தேவனஹள்ளி மனை. நீங்கள் எழுதியதில் என்னை முதலில் நிறுத்தியது மகனின் வேலையிடம்தான். எலக்ட்ரானிக் சிட்டி பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையில் இருக்கிறது. தேவனஹள்ளி நகரத்தைத் தாண்டி வடகோடியில் இருக்கிறது. இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். சேலத்திலிருந்து பேருந்தில் போகும் நீங்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கிவிடலாம். தேவனஹள்ளிக்குப் போக மொத்த நகரத்தையும் கடந்து, வடக்கே ஹெப்பால் சந்திப்பின் நெரிசலையும் தாண்டியாக வேண்டும். ஓமலூரையும் தேவனஹள்ளியையும் இணைப்பது ஒரே நெடுஞ்சாலைதான்; முன்பு 7 என்றும் இன்று 44 என்றும் அழைக்கப்படும் அதே சாலை. ஆனால் அந்தச் சாலையில் நடுவே பெங்களூர் இருக்கிறது. விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் பாதை கட்டப்பட்டுவருவது உண்மை. அது ஓடத் தொடங்கினாலும், நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவது ஒரு குடும்பஸ்தனுக்கு எளிதான வாழ்க்கை ஆகாது. அப்படியானால் மகன் அங்கே வீடு கட்டிக் குடியேறப் போவதில்லை. விலை ஏறும் என்று வாங்கிப் போடப் போகிறார். இதை அவரே ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும், ஏனென்றால் குடியிருக்க வாங்கும் மனைக்கும் விலைக்காக வாங்கும் மனைக்கும் கணக்கு வேறு. விமான நிலையம் வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட இடத்தில், விமான நிலையத்தின் மதிப்பு விற்பவர் சொல்லும் விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. 2008க்கு முன் வாங்கியவருக்குக் கிடைத்த ஏற்றத்தைக் காட்டி இன்று வாங்குபவரிடம் பேசுவது முறையல்ல.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் விற்பனைத் துண்டறிக்கைகளில் இது ஒரு வரிகூட இருக்காது. தேவனஹள்ளிப் பக்கம் வற்றாத ஆறு எதுவும் ஓடவில்லை. ஏரிகளையும் நிலத்தடி நீரையும் நம்பிய பூமி அது. அந்த வட்டம் அளவுக்கு மேல் நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்ட பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே வகைப்படுத்தியிருக்கிறது. ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளைக் கிணறு போடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அந்தப் பக்கத்து ஏரிகளை நிரப்பும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதிலிருந்தே நிலைமையை உணரலாம். பெங்களூருக்கு வரும் காவிரி நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டமும், முன்பு பெங்களூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காக வந்தது; மாநகராட்சிக்கு வெளியே உள்ள தேவனஹள்ளிக்காக அல்ல. அதே 2024 மார்ச்சில் நகருக்குள்ளேயே மக்கள் லாரித் தண்ணீருக்கு அலைந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காவிரிதான் கீழே இறங்கி, உங்கள் ஊருக்கு மேற்கே மேட்டூரில் தேங்குகிறது. உங்கள் கிணற்றில் கோடையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை இந்த வருடம் அளந்து எழுதி வையுங்கள். நீங்கள் விற்க நினைக்கும் சொத்தின் உண்மையான மதிப்பு அந்த எண்ணில் இருக்கிறது. எந்த வழிகாட்டி மதிப்பிலும் அது தெரியாது.

மகனை அந்த லேஅவுட்டுக்கு அனுப்புங்கள். விற்பவரின் காரில் வேண்டாம், தனியாகப் போகச் சொல்லுங்கள். அங்கே ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்களா, ஏப்ரல் மாதத்தில் ஒரு வீட்டுக்கு எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினார்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்ற மூன்றையும் கேட்டு வரட்டும். அப்படியே ஓர் இரவு அந்தப் பக்கம் தங்கிவிட்டு வரட்டும். விமான நிலையம் இரவில் உறங்காது. பெங்களூரின் ஓடுபாதைகள் கிழக்கு மேற்காக அமைந்தவை. ஆகவே விமானங்கள் தாழ்ந்து வருவதும் ஏறுவதும் பெரும்பாலும் நிலையத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள ஊர்களுக்கு மேலேதான். வடக்கே இருக்கும் தேவனஹள்ளி ஊருக்கு அந்தத் தொல்லை குறைவு. ‘விமான நிலையத்துக்குப் பக்கத்தில்’ என்று மட்டும் சொல்லி விற்கப்படும் மனை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் படத்தில் குறித்துப் பார்த்தால்தான் தெரியும். விமான நிலையங்களைச் சுற்றிக் கட்டட உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு அது பெரும்பாலும் தடையாக இருக்காது என்றாலும், ஓடுபாதையின் நேர்கோட்டில் உள்ள இடமென்றால் கட்டுவதற்கு முன் விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று தேவைப்படும்.

ஆவணங்களுக்கு வருகிறேன். பட்டா, சிட்டா, அடங்கல் என்று நமக்குப் பழகிய எதுவும் அங்கே அந்தப் பெயரில் இல்லை. எல்லாம் கன்னடத்தில் இருக்கும். நம் சிட்டா அடங்கலுக்கு இணையாக அங்கே பஹணி. சொத்து வரிக் கணக்கின் பதிவுக்குக் கத்தா என்று பெயர். ‘பி கத்தா’ என்றாலோ, ‘ரெவின்யூ சைட்’ என்றாலோ, விளைநிலத்தை முறையான அனுமதி இல்லாமல் துண்டு போட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதை வாங்காதீர்கள். விளைநிலத்தைக் குடியிருப்பாக மாற்றிய ஆணையும், விமான நிலையப் பகுதிக்கென்றே அமைந்த ‘பையாப்பா’ திட்டக் குழுமத்தின் லேஅவுட் ஒப்புதலும், மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையமான கர்நாடக ரெராவின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஊராட்சிப் பகுதி மனை என்றால் இ-சொத்துப் படிவங்கள் 9, 11 ஆகிய இரண்டும் கிடைக்க வேண்டும். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கட்டாயம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றை மனை விற்பவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்றியிருந்தால், அந்தக் கிரயம் செல்லாது என்று கர்நாடகத்தில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நம் பஞ்சமி நில நிபந்தனையைப் போன்றது. நிலத்தை மீட்கக் காலவரம்பு இல்லை என்று 2023இல் அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். அந்த மக்களுக்கு அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் நான்கு கை மாறிய பிறகு வாங்கும் உங்களைப் போன்றவர்களுக்கு, தாய்ப்பத்திரத்தைக் கடந்து அரசு முதன்முதலில் நிலத்தை வழங்கிய மூல ஒப்படை ஆணை வரை போய்ப் பார்க்காவிட்டால் மனையே கையை விட்டுப் போகும். அடுத்து, தொழிற்பேட்டைக்காக நில எடுப்பு அறிவிப்பு வந்த சர்வே எண்ணா என்று பார்க்க வேண்டும். தேவனஹள்ளி வட்டத்திலேயே சன்னராயபட்டணப் பகுதியில் 1,777 ஏக்கரை எடுப்பதற்கு எதிராக விவசாயிகள் ஆயிரம் நாட்களுக்கு மேல் உட்கார்ந்து போராடி, 2025 ஜூலையில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நிலத்தைக் காத்துக்கொள்ள அவர்கள் அத்தனை நாள் மண்ணில் உட்கார்ந்தார்கள் என்பதை, நிலத்தை விற்கப் போகும் நாமும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்குச் சேலத்து வழக்கறிஞர் போதாது. தேவனஹள்ளியிலோ பெங்களூரிலோ, விற்பவர் காட்டும் ஆளாக இல்லாமல், கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரு சொத்து வழக்கறிஞரை மகனே தேடி அமர்த்தட்டும். கூடவே, கையில் பணம் இருந்தாலும் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் மனைக் கடனுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வங்கியின் சட்ட ஆய்வில் தேறாத மனையை வாங்க வேண்டாம்.

வரியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஊரக விளைநிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்று பலர் சொல்வார்கள். ஓமலூரைப் போல 10,000 முதல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள பேரூராட்சியின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளோ, சேலம் மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள்ளோ நிலம் இருந்தால் அந்த விலக்கு கிடையாது. தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள். சுற்றியுள்ள மற்றப் பேரூராட்சிகளையும் இப்படியே பார்க்க வேண்டும். வரி வரும் என்றால், விற்ற பணத்தில் வெறும் மனையை வாங்கிப் போட்டால் சலுகை கிடைக்காது; விற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதில் வீடு கட்டி முடித்தாக வேண்டும். நிலத்தை விற்பவர் நீங்கள், மனை மகன் பெயரில் என்றால் அதிலும் சிக்கல் எழும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடுங்கள்.

அம்மா, இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஆத்தூருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் கணவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் காலமான சொத்து இது. பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. உங்கள் மாமியார் உங்கள் கணவர் காலமானபோது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு சேரும். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. அதனால் மகளின் உரிமை அழியாது. மகளின் கையெழுத்து இல்லாமல் எழுதும் கிரயம் அவருடைய பங்கைக் கட்டுப்படுத்தாது. விவரம் அறிந்த எவரும் அதை வாங்கவும் மாட்டார். கிரயத்தன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடு என்று கடைசியில் அழைத்தால் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்பது என்னை விட உங்களுக்குத் தெரியும். அப்பா வாங்கிய நிலம் அவருக்கும் நினைவில் இருக்கும். அண்ணனோ தம்பியோ, மகனையும் உட்கார வைத்து, மூவருமாகப் பேசுங்கள். விற்ற பணம் முழுவதும் ஒரு பிள்ளையின் மனைக்குப் போவதானால், மற்றப் பிள்ளைக்கு என்ன என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன்: இந்த மனைக்காக இந்த நிலத்தை விற்க வேண்டாம். மகனுக்குப் பெங்களூரில் சொந்த இடம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதை அவர் தம் சேமிப்பிலும் வங்கிக் கடனிலும், வேலைக்குப் போய்வரக்கூடிய தென்பக்கத்தில், ஓசூர் வரையுள்ள பகுதியில் தேடட்டும். ஓசூர் என்றால் தமிழ்நாட்டுப் பத்திரம், நமக்குப் படிக்கத் தெரிந்த வில்லங்கச் சான்று, உங்களுக்கும் மூன்றரை மணி நேரப் பயணம். உங்களால் இயன்ற உதவியைத் தென்னை வருமானத்திலிருந்தோ ஓய்வூதியச் சேமிப்பிலிருந்தோ, உங்கள் மருத்துவச் செலவுக்கு வைத்தது போக, கொடுங்கள்.

மூவரும் பேசி, விற்பதென்றே முடிவானால், எந்தப் பாதியை விற்பது என்பதில் அவசரப்படாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டாவும் புலப்படமும் வாங்கிய பிறகே கிரயம் பேசுங்கள். கிணறு உங்கள் பாதியில் நிற்க வேண்டும். கிணற்றில் பங்கு கேட்டு வாங்குபவர் வற்புறுத்தினால் விலை எவ்வளவு கூடினாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். சாலையிலிருந்து உங்கள் பாதிக்கு வரும் வண்டித்தடம் விற்கும் பாதியின் வழியாகப் போகிறதா என்று பார்த்து, அப்படிப் போனால் அதன் அகலத்தை அடிக்கணக்கில் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாகப் போகும் வழிதானே என்று விட்டுவிட்டால், புதியவர் வேலி போடும் நாளில் குச்சிக்கிழங்கு ஏற்ற வரும் வண்டி வெளியிலேயே நிற்க வேண்டியதாகிவிடும்.